லிபரல், வாக்கு, வர்த்தகம், ஏற்றத்தாழ்வு: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும், களுவாஞ்சிக்குடித் தேநீர்க்கடையில் பெரியவர்கள் கேட்பதும், கல்முனை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் லிபரல் பக்கம் சாய்ந்தவன். அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

லிபரல் எண்டா ஆர் சேர்? சாமி கும்பிடாத ஆக்களா?

தாராளமாகக் கும்பிடலாம், தொழலாம், சும்மாவும் இருக்கலாம். லிபரல் சிந்தனைக்கு அடிப்படை ஒன்றுதான்: ஒரு மனிதர் தன் வாழ்க்கையை நடத்துவதற்கு இன்னொருவர் முன்னால் கைகட்டி நிற்கும் நிலை வரக்கூடாது. அந்த இன்னொருவர் அமைச்சராக இருக்கலாம், கட்சித் தலைவராக இருக்கலாம், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராகவோ பள்ளிவாசல் தலைவராகவோ இருக்கலாம், ஊருக்கு வருகிற ஒரே நெல் வியாபாரியாகவும் இருக்கலாம். பேச்சுரிமை, இரகசிய வாக்கு, சட்டத்தின் முன் சமம், சொத்துரிமை, விரும்பியவரிடம் வாங்கி விரும்பியவருக்கு விற்கும் உரிமை எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

உள்ளுக்குள்ளே இரண்டு பிரிவு உண்டு. அரசு விலகி நின்றால் மனிதன் தானாகச் சுதந்திரமாகிவிடுவான் என்பவர்கள் ஒரு பக்கம். பசியும் கடனும் படிப்பில்லாமையும்கூட மனிதனைக் கைகட்ட வைக்கும், அங்கே அரசு இறங்கத்தான் வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது பிரிவு. கீழே வரும் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அது கொழும்பில இங்கிலீசு பேசுற ஆக்களின்ட அரசியல்தானே? எங்களுக்கு என்ன வந்தது?

கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1987 இல் சாணக்க அமரதுங்க தொடங்கிய லிபரல் கட்சி கடைசிவரை சின்னக் கட்சியாகவே இருந்தது. அதற்கு முன்பும், கொழும்பில் நாகரிகமாகப் பேசிய கனவான்களின் ஆட்சியில்தான் 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் இடதுசாரிகள் முன்னால் நின்றார்கள். இதை எந்த லிபரலும் மறைக்க முடியாது.

நம் பக்கமும் சுத்தமில்லை. அரசியலமைப்பை மாற்ற பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கச் சொன்னபோது எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். இருந்தும் 1931 இல் அந்த உரிமை வந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவருக்கும் பெரிய வயல்காரரான போடியாருக்கும் ஒரே வாக்கு ஆனது. அது கொழும்புக்காரருக்கு மட்டும் கிடைத்த நன்மையா என்று அந்தக் கூலிக்காரரின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கட ஒரு புள்ளடியால என்ன மாறப்போகுது மனே?

2020 ஆம் ஆண்டு அம்பாறைக் கணக்கைப் பார்ப்போம். தேர்தலில் அம்பாறைக்குப் பெயர் திகாமடுல்ல தேர்தல் மாவட்டம், அதற்கு 7 ஆசனங்கள். அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம் போய்விடும். 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளைக் கழித்துவிட்டு, மிஞ்சிய வாக்குகளை 6 ஆல் பிரிப்பார்கள். அந்த முறை ஓர் ஆசனத்தின் 'விலை' 60 ஆயிரம் வாக்குகளைச் சற்றுத் தாண்டியது. முழு விலை கொடுத்து எடுத்த ஆசனங்கள் மூன்று மட்டுமே. மீதி மூன்றும், கையில் அதிக மிச்ச வாக்கு வைத்திருந்தவர்களுக்குப் போயின. அப்படிக் கடைசியாக ஆசனம் எடுத்த கட்சியிடம் இருந்தது 39 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

தமிழ் வாக்குகளுக்கு என்ன நடந்தது? கருணா அம்மான் போட்டியிட்ட கட்சிக்கு 29 ஆயிரத்துச் சொச்சம், தமிழரசுக் கட்சிக்கு 25 ஆயிரத்துச் சொச்சம். இரண்டும் தனித்தனியாக 39 ஆயிரத்துக்குக் கீழே. ஒரே பட்டியலில் நின்றிருந்தால் 54 ஆயிரத்துக்கு மேல், அதாவது மிச்ச வாக்கு வரிசையில் முதலிடம். அந்த முறை மாவட்டத்தில் வாக்கால் தெரிவான தமிழ் உறுப்பினர் ஒருவரும் இல்லை. பிறகு தேசியப்பட்டியலில் ஒருவரைப் போட்டு ஆறுதல் சொன்னார்கள்.

ஆக, ஒரு புள்ளடி தனியாக ஒன்றும் செய்யாது என்பது சரி. ஆனால் புள்ளடிகள் எப்படி எண்ணப்படும் என்று தெரியாமல் போட்டால் ஆயிரக்கணக்கில் சேர்ந்தும் ஒன்றும் செய்யாது. ஒற்றுமை, துரோகம் என்று மேடையில் மணிக்கணக்கில் பேசியவர்கள் இந்த வகுத்தல் கணக்கை ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

கட்சிக்குப் புள்ளடி போட்டுட்டு நம்பருக்குப் போடாட்டி வோட்டுச் செல்லுமா?

செல்லும். கட்சிக்குச் சேரும். ஆனால் அந்தக் கட்சியில் யார் போவது என்பதை நீங்கள் மற்றவர்களிடம் விட்டுவிட்டீர்கள். வேட்பாளரின் நம்பருக்குப் போடும் விருப்பு வாக்கு மூன்று வரை போடலாம்.

தமிழன் தமிழனுக்கும் முஸ்லிம் முஸ்லிமுக்கும் போடுறது பிழையா? லிபரல் ஆக்களுக்கு அது பிடிக்காதாமே?

வாக்கு உங்களுடையது. யாருக்குப் போட்டீர்கள் என்று யாரும் கணக்குக் கேட்க முடியாது, நானும்தான். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு 3, முஸ்லிம் காங்கிரசுக்கு 1, தேசிய மக்கள் சக்திக்கு 1. திகாமடுல்லவில் தேசிய மக்கள் சக்திக்கு 4, மீதி மூன்றும் தமிழரசு, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. இதில் யாரை யார் குறைசொல்வது?

நான் கேட்பது வேறு. மக்கள் ஏன் தங்கள் ஆளைத் தேடுகிறார்கள்? வீதிக்குக் கொங்கிரீட் போடுவதும், சிற்றூழியர் வேலையும், காணி உத்தரவுப் பத்திரமும் எம்.பி.யின் கடிதத்தில் தங்கியிருக்கும்வரை, அந்தக் கடிதம் எழுதுகிற கை நம்முடையதாக இருப்பது ஒரு காப்புறுதி. காப்புறுதி எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. கடிதத்துக்கு இருக்கிற சக்தியைக் குறைக்க வேண்டும்: வேலைக்குப் போட்டிப் பரீட்சை, காணிக்கு ஒளிவில்லாத பட்டியல், வீதிக்குப் பிரதேச சபைத் தீர்மானம். அதன்பிறகும் தன் சமூகத்தவருக்கே போட விரும்புகிறவர் போடட்டும்.

மாகாண சபை இல்லாமலும் நாள் போகுதுதானே? பிறகு ஏன் தேர்தல் கேக்கிறீங்க?

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 இல். 2017 இல் காலம் முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் நாடாளுமன்றத்தில் தோற்றது, விஷயம் அங்கேயே நின்றது. அன்றிலிருந்து ஆளுநர்தான். நாம் தெரிவு செய்தவரில்லை, ஜனாதிபதி நியமித்தவர். ஆசிரியர் இடமாற்றம் பிழைத்தால், மாகாண ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லையென்றால், யாருக்கு அடுத்த முறை வாக்குப் போடாமல் விடுவது? அப்படி ஓர் ஆளே இல்லை.

உள்ளூராட்சித் தேர்தலையும் 2023 மார்ச்சில் காசில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நாள் போகும்தான், நம்மைக் கேட்காமல் போகும்.

இந்தியாவில இருந்து அரிசி வந்தா எங்கட வேளாண்மைக்காரன் செத்தான். இதுதானே நீங்க சொல்ற சுதந்திர வர்த்தகம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெப்ரவரியில் அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் போனால் தெரியும். மெசின் வெட்டி இறக்கிய ஈர நெல் வீதியோரத்தில் காய்கிறது. லொறி வந்து நிற்கிறது. வியாபாரி கையை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, 'ஈரம்' என்கிறார், விலையைக் குறைக்கிறார், மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்கிறார். உரக்கடைக் கடனும் மெசின் கூலியும் அந்த வாரமே கொடுக்க வேண்டியவர் வேறு லொறி வரும்வரை பொறுப்பாரா? 2025 இல் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசு உத்தரவாத விலை அறிவித்தது. அறிவிப்பு வந்தது பெப்ரவரியில். கிழக்கில் பல வட்டைகளில் (வயல்வெளிகளில்) அதற்கு முன்பே வெட்டு தொடங்கிவிட்டது. இதில் இந்திய அரிசி எங்கே வந்தது? விலையை அடித்தது ஈரமும் கடனும் களஞ்சியம் இல்லாமையும்.

அடுத்த பக்கத்தையும் பாருங்கள். வாழைச்சேனைக் கடற்றொழிலாளி, காத்தான்குடிக் கடை ஊழியர், செங்கலடி மேசன் எல்லோரும் அரிசி வாங்குகிறவர்கள். வருடத்தின் இரண்டாம் போகமான சிறுபோகம் செய்யாத வேளாண்மைக்காரரும் வருடக் கடைசியில் கடையில் வாங்குகிறார். 2024 டிசம்பரில் தட்டுப்பாடு வந்து இறக்குமதிக்கு வழி திறந்தபோதுகூடக் கிலோவுக்கு 65 ரூபா வரி இருந்தது. அந்த 65 ரூபா வேளாண்மைக்காரரைக் காக்கிறது என்கிறார்கள். அவர் நெல்லை மார்ச்சிலேயே விற்று முடித்துவிட்டார். டிசம்பரில் நெல் யாருடைய களஞ்சியத்தில் இருந்ததோ அவரைத்தான் அந்த வரி காத்தது, அதாவது பெரிய ஆலைக்காரரை.

அதற்காக நாளைக்கே வரியைச் சுழியமாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடை மாதங்களில் ஒரு வரி, மற்ற மாதங்களில் ஒரு வரி, இரண்டையும் விதைப்புக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். வர்த்தமானியில் ஒரே இரவில் மாற்றக் கூடாது. கூடவே, நெல்லைக் காயவைத்து வைக்க ஊர்க் களஞ்சியமும், வைத்த நெல்லின் பேரில் வங்கிக் கடனும் வேண்டும். எல்லை பூட்டியிருப்பது எப்போதும் வேளாண்மைக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் 2021 ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று நிறுத்தப்பட்ட இறக்குமதி இரசாயன உரம். மஞ்சள் நிறத்தில் நின்ற பயிரை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சீனிக்கு வரியைக் குறைச்சாங்களே, விலை குறையல்லையே! சந்தையை விட்டா தானா சரிவரும் எண்டது பொய்தானே?

2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். கடை விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. காசு இறக்குமதியாளரிடம் தங்கியது, திறைசேரிக்கு நட்டம். ஓம், இது நடந்தது.

ஆனால் இதைச் சந்தை என்று சொல்வது கஷ்டம். பெரிய அளவில் இறக்குமதி செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் தொகையினர். புதிதாக ஒருவர் நுழைவது கடினம். வரி எப்போது மாறும் என்பது வர்த்தமானி அச்சாகும்வரை பொதுசனத்துக்குத் தெரியாது. பலர் போட்டி போட்டால்தான் வரிக்குறைப்பு விலைக்குறைப்பாகும். இடதுசாரி நண்பர்கள் இதைக் காட்டி 'சதொச (அரசுக் கடைகள்) மூலம் அரசே இறக்குமதி செய்யட்டும்' என்பார்கள். நான் 'இன்னும் இருபது பேர் செய்யட்டும்' என்பேன். இந்த இடத்தில் நாங்கள் உடன்பட மாட்டோம். மஞ்சளுக்கு நேர் எதிராக, இறக்குமதியையே நிறுத்தினார்கள். சில நூறு ரூபாவில் இருந்த கிலோ ஆயிரக்கணக்குக்கு ஏறியது, கடல்வழியாகக் கடத்தல் வந்தது. இரண்டிலும் வாங்குகிறவருக்குத் தெரிவு இல்லாமல் போனது.

வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்னத்தால போச்சு? திறந்த பொருளாதாரத்தாலதானே?

ஒரு பங்கு அதனால்தான். 1950களில் தொடங்கிய ஆலை, நம் வட்டைகளின் வைக்கோலை மூலப்பொருளாக எடுத்தது. 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வெளிக் கடதாசி மலிவாக வந்தது. கூடவே யுத்தம், பழைய இயந்திரம், அரசியல் நியமனம். 2022 இல் ஒரு பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கியது.

வர்த்தகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நன்மை தராது, சிலருக்கு உடனடி நட்டம். கொப்பி மலிந்த பிள்ளைகள் நாடெங்கும் இருக்கிறார்கள், வேலை போனவர்கள் வாழைச்சேனையில் மட்டும் இருக்கிறார்கள். மருதமுனை நெசவுக்காரரும் இதே அடியை வாங்கியவர்கள். அப்படி அடிபட்டவர்களுக்கு வேறு தொழில் பழகவும் இடைக்காலத்தில் சாப்பிடவும் அரசு காசு செலவழித்திருக்க வேண்டும். செய்யவில்லை. திறந்த பொருளாதாரத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை அதுதான், கடதாசி வந்தது குறையில்லை.

அமெரிக்காவே வரி போடுது. நாங்க மட்டும் ஏன் கதவைத் திறக்கணும்?

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்றார்கள், பேசிப் பேசி ஓகஸ்டில் 20 வீதமானது. அந்த வரியை முதலில் கட்டுவது அங்கே சட்டையை இறக்குமதி செய்கிறவர், பிறகு அதன் விலையேற்றத்தைச் சுமப்பவர் சட்டை வாங்குகிறவர். அவர் குறைவாக வாங்கினால், விடியற்காலை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற நம் பிள்ளைகளின் ஓவர்டைம் குறையும். அவர்கள் தங்கள் மக்களுக்கு விலையேற்றினால் நாமும் நம் மக்களுக்கு விலையேற்றிப் பழிவாங்குவதில் பயன் தெரியவில்லை.

ஐரோப்பாவுடன் கதை வேறு. நம் ஏற்றுமதிக்கு ஐரோப்பா தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை 2010 இல் போனது, 2017 இல் திரும்ப வந்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிப்பது அதற்கு நிபந்தனை. 1979 இலிருந்து இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்து என்ற அழுத்தம் சட்டை ஏற்றுமதி வழியாகவும் வந்தது இப்படித்தான். அந்தச் சட்டத்தால் பிள்ளையைத் தொலைத்த வீடுகள் இருக்கும் ஊரில், வர்த்தகம் காசு விஷயம் மட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணக்காரன் இன்னும் பணக்காரன் ஆகிறான். லிபரலுக்கு அது பரவாயில்லையா?

ஒருவர் ஐஸ் பெட்டியோடு மீன் விற்கத் தொடங்கி மூன்று லொறி வாங்கினால் எனக்குப் பரவாயில்லை. அவர் கடனெடுத்தவரின் காணியையும், சந்தைக் குத்தகையையும், பிரதேச சபைத் தவிசாளரையும் சேர்த்து வாங்கினால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 2019 குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் மேல் ஐந்திலொரு பங்கு குடும்பங்கள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் எடுக்கின்றன, கீழ் ஐந்திலொரு பங்குக்குக் கிடைப்பது 5 வீதமும் இல்லை. அது 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

தொடங்கும் இடத்தைப் பாருங்கள். வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத்து எழுவான்கரைப் பிள்ளை சைக்கிளில் வகுப்புக்குப் போகிறது. படுவான்கரைப் பிள்ளைக்குப் பல இடங்களில் கணித, விஞ்ஞான ஆசிரியரே இல்லை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் 'பாதை' என்ற மிதவைப் படகு எப்போது வரும் என்று வாவிக்கரையில் நின்ற தலைமுறை அது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அந்தப் பக்கத்துப் பாலும் மரக்கறியும் ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் வருவது லேசாகியது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஒரு பாலமும் பத்து ஆசிரியர்களும் செய்வதை நிவாரணப் பொதி செய்யாது. பாலத்துக்கும் ஆசிரியருக்கும் வரி வேண்டும். அந்த வரியை 18 வீத வற் வழியாகச் சவர்க்காரத்தில் எடுப்பதைவிட, பெரிய வருமானத்தில் எடுப்பது நியாயம்.

அஸ்வெசும கொடுத்தா சனம் சோம்பேறி ஆகும் எண்டு சொல்றாங்களே?

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் உதவிக் காசு. காசு கொடுப்பதைவிட, அதைப் பெற அலைய வைப்பதுதான் பிரச்சினை. யாருக்கு, ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்பது எழுத்தில் வந்து, மேன்முறையீடு செய்ய முடியுமானால் அது உரிமை. ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்கினால் அது முதல் பதிலில் சொன்ன கைகட்டல்தான். சோம்பேறிப் பட்டம் கொடுப்பவர்கள், வரிச்சலுகை வாங்கும் கம்பனிகளுக்கு அதைக் கொடுத்து நான் கேட்டதில்லை.

லோன் எடுத்தவங்க விருப்பத்தோடதான் கையெழுத்து வச்சாங்க. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே?

வாராவாரம் குழுவாக உட்கார்ந்து கட்டும் நுண்கடனைக் கேட்கிறீர்கள். சுதந்திரமான ஒப்பந்தத்துக்கு இரண்டு நிபந்தனை: உண்மையான வட்டி எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும், மாட்டேன் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுத்த பெண்ணுக்கு இரண்டும் இருக்கவில்லை. கட்டாத ஒருத்திக்காகக் குழுவிலுள்ள மற்றவர்களை அவள் வீட்டு வாசலில் உட்கார வைப்பது எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது?

2018 இல், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அது அந்த நேரத்து மருந்து. கிராமத்துப் பெண்ணுக்கு நியாய வட்டியில் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வளராமல் இந்த வியாபாரம் போகாது.

மயிலத்தமடுவில மாட்டுக்காரர் கத்துறாங்க. அது இனப் பிரச்சினை, இதில லிபரல் என்ன சொல்லும்?

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் வெளியார் வந்து பயிர் செய்வதற்கு எதிராகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். இனம் இதில் இருக்கிறது, இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கத்தியால் வெட்டுப்பட்ட மாடு ஒருவரின் சொத்து. அதற்குப் பொலிஸ் முறைப்பாடு எடுத்து, சந்தேகநபரைப் பிடித்து, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அரசின் மிகக் குறைந்த வேலை. அதைச் செய்யாத அரசு சுதந்திரச் சந்தையைப் பற்றி முதலீட்டாளருக்குப் பேசுவது வேடிக்கை.

அப்ப கல்முனை வடக்குக்கு என்ன தீர்ப்பு? ஆர் பக்கம் நிப்பீங்க?

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்து என்பது தமிழர் கோரிக்கை. 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை போனது. ஊரை இனத்தால் வெட்டாதே, எல்லை நியாயமில்லை என்பது முஸ்லிம்களின் எதிர்ப்பு. தலையை எண்ணித் தீர்க்கலாம் என்றால், எங்கே கோடு போட்டு எண்ணுவது என்பதே சண்டை. நகரம் முழுவதையும் எண்ணினால் ஒரு விடை, வடக்கை மட்டும் எண்ணினால் இன்னொன்று. ஆகவே பெரும்பான்மை வாக்கு இங்கே உதவாது.

நான் கேட்பது இரண்டு. காணி, நிதி அதிகாரத்துக்காகத் தங்கள் அலுவலகத்தை இன்னொன்றின் கீழ் வைத்திருப்பதை எந்தச் சமூகமும் பல பத்தாண்டுகள் பொறுக்காது. அந்த அதிகாரத்தைக் கொடுப்பதில் தாமதிக்க நியாயமில்லை. எல்லையைப் பொறுத்தவரை இரு தரப்பு எம்.பி.க்களையும் விலக்கி, சுதந்திரமான ஆணைக்குழு ஒன்று காரணங்களை எழுதிப் போட வேண்டும், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழியும் இருக்க வேண்டும். இந்தப் பதிலை இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறேன். தமிழ் நண்பர்கள் ஆணைக்குழுவில் முகம் சுளித்தார்கள், சாய்ந்தமருது முஸ்லிம் நண்பர் ஒருவர் முதல் பாதியில் எழுந்து போய்விட்டார்.

முஸ்லிம் விவாகச் சட்டத்தில கை வைக்கச் சொல்றீங்களே, இது மதத்தில தலையிடுறதுதானே சேர்?

2020 இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை வலுக்கட்டாயமாக எரித்தபோது எதிர்த்தவர்களோடு லிபரல்களும் நின்றார்கள். அரசு ஒருவரின் சமயக் கடமையில் கைவைக்கக் கூடாது என்பதே காரணம். 1951 ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்கும் அதே அளவுகோல்தான், கைவைக்கும் ஆளாக அரசுக்குப் பதில் வீட்டாரையும் ஊரையும் வைத்துப் பாருங்கள். அந்தச் சட்டம் திருமண வயதை 18 என்று வைக்கவில்லை, மணப்பெண் கையெழுத்துப் போடவும் கேட்கவில்லை. திருத்தச் சொல்லிக் கேட்பவர்களில் முன்னால் நிற்பது முஸ்லிம் பெண்கள். இதை வெளியிலிருந்து வந்த தலையீடு என்று சொல்ல முடியவில்லை. தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை யாழ்ப்பாணத்துத் திருமணமான பெண்ணின் காணி விற்பனைக்குக் கணவனின் சம்மதம் கேட்பதையும் நான் இதே காரணத்துக்காக எதிர்க்கிறேன், அதைச் சொன்னால் மட்டும் யாரும் சமயத் தலையீடு என்பதில்லை.